புவி விஞ்ஞானப் பாடமும் இணைய வளங்களும்

புவித்தகடுகள் பற்றிக் கற்பிக்க இணையத்தில் வளங்களுக்குப் பஞ்சமில்லை. நமது பிள்ளைகளுக்குப் பொருந்தும் உதாரணங்களுக்குத்தான் பஞ்சம். அசைபடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. கலிபோர்னியாவைச் சுற்றியே பேசுகின்றன. பிள்ளைகள் கண்வெட்டாமல் பார்ப்பார்கள், மணி அடித்ததும் மறந்துவிடுவார்கள். "நம்மட ஊருக்கும் இதுக்கும் என்ன சேர் தொடர்பு?" என்று ஒரு மாணவி கேட்டதன் பின் நான் படங்களைக் குறைத்துத் தரவுகளின் பக்கம் போனேன்.

கிழக்குக் கரையில் கற்பிக்கும் எனக்கு 2004 டிசம்பர் 26ஐ விடப் பொருத்தமான பாடம் கிடையாது. இன்றைய மாணவர்கள் அப்போது பிறக்கவில்லை. உம்மாவும் மூத்தம்மாவும் சொல்லக் கேட்டவர்கள்.

முதலாவது, ஐக்கிய அமெரிக்கப் புவிச்சரிதவியல் அளவையகத்தின் தளம். யூ.எஸ்.ஜி.எஸ். என்று தேடினால் வரும், இலவசம். பூமியதிர்ச்சிப் பட்டியலில் அத்திகதியைக் கொடுத்தால் சுமாத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால், 9.1 அளவு, 30 கிலோமீற்றர் ஆழம், சர்வதேச நேரம் 00.58 என்று காட்டும். பிள்ளைகள் வழமைபோல ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டி 6.28 என்பார்கள். ஆனால் அப்போது இலங்கை நேரம் ஆறு மணித்தியாலம் முன்னே இருந்தது. 2006இல்தான் ஐந்தரைக்குத் திரும்பினோம். ஆகவே காலை 6.58.

அடுத்தது கூகுள் ஏர்த். அதன் அளவுகோலால் அம்மையத்திலிருந்து கல்முனைக்கு அளந்தால் ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர். சுனாமியின் வேகம் கடலின் ஆழத்தில் தங்கியுள்ளது. ஆழத்தை ஈர்ப்பு ஆர்முடுகலால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், 4,000 மீற்றர் ஆழத்தில் மணிக்குச் சுமார் 700 கிலோமீற்றர் வரும். கணக்குப்படி அலை ஒன்பது மணி தாண்டி வர வேண்டும். ஒன்பதுக்கு முன்பே வந்துவிட்டது. காரணம், நிலம் ஒரு புள்ளியில் மட்டும் உடையவில்லை. வடக்கே அந்தமான் பக்கமாக 1,000 கிலோமீற்றருக்கு மேல் உடைந்தது. அதில் ஒரு பகுதி நமக்கு இன்னும் கிட்ட. விடை பிழைக்கும் இந்த இடத்தில்தான் பாடமே சூடு பிடிக்கும்.

என் மட்டில் மிகப் பெறுமதியானது ஏர்த்ஸ்கோப் தளம். உலக நில அதிர்வு வலையமைப்பின் பதிவுகள் அதில் உள்ளன. அவ்வலையமைப்பின் நிலையமொன்று கண்டிக்கு அருகே பல்லேகலையில் இருக்கிறது, 2004இலும் இருந்தது. நில அதிர்வு நான்கு நிமிடத்துக்குள் அங்கு எட்டிவிட்டது. "நாலு நிமிசத்தில தெரிஞ்சிட்டா, ஏன் சேர் நமக்கு ஒருத்தரும் சொல்லல்ல?" இந்தக் கேள்வி எழாத வகுப்பை நான் கண்டதில்லை. கருவி பதிந்தது, பதிவை எச்சரிக்கையாக மாற்றிக் கரைக்குக் கொண்டுவர இந்து சமுத்திரத்தில் அன்று ஓர் ஏற்பாடும் இருக்கவில்லை. யுனெஸ்கோவின் ஒருங்கிணைப்பில் அது உருவானது பின்னர்தான்.

வகுப்பறையில் இணையம் இல்லையென்று யோசிக்க வேண்டாம். நான் வீட்டில் தரவிறக்கி, போட்டோ கொப்பி எடுத்துக்கொண்டு போவேன். நாலு பேருக்கு ஒரு தாள், ஓர் அடிமட்டம். தமிழ்ப் பாடநூல் தேவையெனில் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் எடுக்கலாம்.