பொருந்தினால் போதுமா?

அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் பழைய துப்பாக்கியை நாம் வரலாற்றுப் பொருளாக மட்டுமே பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இந்த வாரம் அப்படிப்பட்ட ஒரு துப்பாக்கியை இயற்பியல் பாடமாகப் பார்ப்போமா? நீங்கள் வகுப்பில் படிக்கும் உந்தம், இயக்க ஆற்றல், அழுத்தம் ஆகிய மூன்றும் அதற்குள் இருக்கின்றன.

அதன் பெயர் மார்ட்டினி-ஹென்றி. 1871இல் பிரிட்டிஷ் இராணுவம் அதைப் பயன்பாட்டுக்கு எடுத்துக்கொண்டது. ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான் போட முடியும். அடியில் உள்ள நெம்புகோலைக் கீழே இழுத்தால், குழலின் பின்வாயை மூடியிருக்கும் எஃகுக் கட்டை தாழும். தோட்டாவை உள்ளே தள்ளி நெம்புகோலை மேலே ஏற்றினால், கட்டை மீண்டும் அடைத்துக்கொள்ளும். குழலின் துளை 11.4 மில்லிமீட்டர். உள்ளே எரிவது கரி, கந்தகம், வெடியுப்பு மூன்றும் கலந்த கருமருந்து. அது எரிந்தபின் பாதிக்கும் மேற்பட்ட நிறை வாயுவாக மாறாமல் திடப்பொருளாகவே மிஞ்சும். அடர்ந்த வெண்புகைக்கும் குழலில் படியும் கசடுக்கும் அதுதான் காரணம்.

1888இல் நிலைமை மாறியது. 7.7 மில்லிமீட்டர் துளை கொண்ட புதிய துப்பாக்கியும், அதற்கென '303' என்ற தோட்டாவும் வந்தன. 1889இல் பிரடெரிக் ஏபல், ஜேம்ஸ் டூவர் என்ற இரு வேதியியலாளர்கள் புகை மிகக் குறைந்த கார்டைட் என்னும் வெடிமருந்தை உருவாக்கினார்கள். நாம் தேநீர் கொண்டுபோகும் வெற்றிடக் குடுவையைக் கண்டுபிடித்தவரும் இதே டூவர்தான்!

இப்போது இராணுவத்திற்கு ஒரு சிக்கல். கிடங்குகளில் பழைய மார்ட்டினி துப்பாக்கிகள் குவிந்து கிடந்தன. இரண்டு வகைத் தோட்டாக்களைச் சுமந்து திரிவது தொல்லை. நல்ல நிலையில் இருக்கும் பழையவற்றைத் தூக்கி எறிவது வீண். பழைய துப்பாக்கியையே புதிய தோட்டாவுக்கு ஏற்ப மாற்ற முடியுமா?

தோட்டா உட்காரும் அறையை மட்டும் மாற்றினால் போதாது. உலோகத்தைக் கடைந்து ஒரு துளையைப் பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது. 11.4 மில்லிமீட்டர் துளையில் 7.7 மில்லிமீட்டர் குண்டு கடகடவென ஆடும். ஆகவே குழலையே மாற்றினார்கள். தோட்டாக் கூட்டை வெளியே இழுக்கும் உறுப்பையும் பின்கட்டையையும் புதிய அளவுக்குத் திருத்தினார்கள். பழைய உடலும் நெம்புகோலும் அப்படியே இருந்தன.

பழைய உடல் புதிய தோட்டாவைத் தாங்குமா? இங்கேதான் கணக்கு வருகிறது. விசை = அழுத்தம் × பரப்பளவு. வெடிக்கும் கணத்தில் வாயு, குண்டை முன்னே தள்ளுவதைப் போலவே தோட்டாவின் பின்பக்கத்தைக் கட்டையின் மீது அழுத்துகிறது. பழைய தோட்டாவின் பின்புற விட்டம் சுமார் 17 மில்லிமீட்டர். புதியதற்குச் சுமார் 12. பரப்பளவைக் கணக்கிட்டுப் பாருங்கள்: ஏறக்குறைய 227 சதுர மில்லிமீட்டர், 113 சதுர மில்லிமீட்டர். பரப்பளவு பாதியாகிவிட்டது! அதனால் அழுத்தம் இரண்டு மடங்கானாலும் கட்டை தாங்க வேண்டிய விசை ஏறக்குறைய அதேதான்.

அந்த விசை சின்னது என்று நினைத்துவிடாதீர்கள். அழுத்தம் 300 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொண்டால், 113 சதுர மில்லிமீட்டரின் மீது சுமார் 34,000 நியூட்டன். மூன்று மைவி கார்களின் எடையை ஒரு ஐந்து சென் நாணயத்தைவிடச் சிறிய வட்டத்தின் மீது வைத்ததற்குச் சமம்!

அடுத்து இன்னொரு கணக்கு. பழைய குண்டின் நிறை சுமார் 31 கிராம், வேகம் வினாடிக்குச் சுமார் 400 மீட்டர். புதியதன் நிறை சுமார் 14 கிராம், வேகம் சுமார் 600 மீட்டர். இயக்க ஆற்றல் ½mv². பழையது 2,480 ஜூல். புதியது 2,520 ஜூல். ஏறக்குறைய சமம். ஆனால் உந்தம் mv அல்லவா? பழையது 12.4, புதியது 8.4 கிலோகிராம் மீட்டர்/வினாடி. உந்தம் அழியாமல் காக்கப்படுவதால், துப்பாக்கி அதே அளவு உந்தத்துடன் தோளை நோக்கிப் பின்வாங்கும். துப்பாக்கியின் நிறை 4 கிலோ என்றால், பின்வாங்கும் வேகம் வினாடிக்கு 3.1 மீட்டரிலிருந்து 2.1 மீட்டராகக் குறைகிறது. (வெளியேறும் வாயுவின் உந்தத்தை இங்கே சேர்க்கவில்லை.) குண்டின் ஆற்றல் குறையவில்லை, தோளில் விழும் இடி மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது.

இத்தோடு கதை முடிந்ததா? இல்லை. முதலில் பொருத்திய குழல்களின் உட்புறத்தில் மெட்ஃபோர்ட் என்பவர் வடிவமைத்த ஆழமற்ற சுழல் பள்ளங்கள் இருந்தன. கருமருந்துக் கசடுக்கு அவை ஏற்றவை. ஆனால் கார்டைட்டின் கடும் வெப்பம் அவற்றை விரைவிலேயே அரித்துத் தேய்த்தது. ஆகவே 1895 முதல் ஆழமான பள்ளங்கள் கொண்ட என்ஃபீல்ட் குழல்கள் வந்தன. 'மார்ட்டினி-என்ஃபீல்ட்' என்ற பெயரும் அப்படித்தான் பிறந்தது. அழுத்தத்திற்கு விடை கண்டவர்கள் வெப்பத்திற்கும் விடை தேட வேண்டியிருந்தது.

நம் நாட்டில் உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கடுங்குற்றம். ஆகவே இந்தப் பாடத்தைச் செய்துபார்க்கத் துப்பாக்கி தேவையில்லை. உங்கள் வீட்டிலுள்ள மூன்று முனை பிளக்கே போதும். அதற்குள் இருக்கும் 3 ஆம்பியர் ஃபியூசும் 13 ஆம்பியர் ஃபியூசும் ஒரே அளவுதான். மேசை விளக்கின் 3 ஆம்பியர் ஃபியூஸ் எரிந்துபோனால், கையில் கிடைத்த 13 ஆம்பியர் ஃபியூசைப் போட்டுவிடலாம். கச்சிதமாகப் பொருந்தும், விளக்கும் எரியும். ஆனால் பழுது ஏற்படும் நாளில் ஃபியூஸ் அறுந்துபோகாது. அதற்குப் பதில் மெல்லிய கம்பி சூடாகி உருகும், தீப்பிடிக்கவும் கூடும்.

ஒரு பொருள் இடத்தில் பொருந்துகிறதா என்பதைக் கண்ணே சொல்லிவிடும். அந்த இடம் அதைத் தாங்குமா என்பதைக் கணக்குதான் சொல்லும். இன்றே பெற்றோரின் அனுமதியோடு, சுவிட்சை அணைத்து, சுவரிலிருந்து கழற்றிய ஒரு பிளக்கின் ஃபியூசில் என்ன எண் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அந்த மின்கருவிக்குத் தேவை எத்தனை ஆம்பியர்? திறனை மின்னழுத்தத்தால், அதாவது 230 வோல்ட்டால், வகுத்தால் விடை கிடைத்துவிடும்.