மலைமேல் ஒரு காது

மேகமலைப் பக்கம் கறுத்தால் ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டக்காரருக்கு வயிறு கலங்கும். பழுக்கும் சமயத்தில் கனமழை பெய்தால் பழம் வெடித்துப்போகும். புயலில் தொலைபேசியும் ஓய்ந்தால், மலைக்கு அப்பாலிருந்து மழைச் சேதி சொல்வார் யார்? 'ஹாம்' என்னும் அமெச்சூர் வானொலிக்காரர்கள் சொல்லலாம். ஆனால் அவர்களது கைக்கருவியின் அலையை மலை மறிக்கும். சிகரத்தில் 'ரிப்பீட்டர்' ஒன்று இருந்தாலோ, ஓர் அலைவரிசையில் கேட்பதை அக்கணமே வேறோர் அலைவரிசையில் இருபுறமும் பரப்பிவிடும்.

வெறும் விளையாட்டுத்தானே என்று நகைக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி தாக்கி அந்தமான் தொடர்பற்றுப் போனபோது, போர்ட் பிளேரிலிருந்து சிற்றலையில் தீவினரின் க்ஷேம சமாசாரங்களைத் தாய்நாட்டுக்கு அனுப்பியவர் பாரதி பிரசாத் என்ற ஹாம் பெண்மணி. அவர் அங்கே போயிருந்ததும் விளையாட்டுக்காகத்தான்!