ப்ரோடி: எல்லைக்கோட்டில் பிழைத்த ஓர் ஊர்

ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் ஒரு யூத ஜெப ஆலயம் இருக்கிறது. பெயர் ப்ரோடி சினகாக். கருங்கடல் கரையில் ஒடெஸாவிலும் ஒன்று உண்டு. அதற்கும் ப்ரோடி சினகாக் என்றுதான் பெயர். ரஷ்ய யூதர்களிடையே ப்ரோட்ஸ்கி என்ற குடும்பப் பெயர் ரொம்ப சாதாரணம். நோபல் பரிசு வாங்கிய கவிஞர் ஜோசப் ப்ரோட்ஸ்கியை நமக்குத் தெரியும். 'ப்ரோடிக்காரர்' என்பதுதான் அந்தப் பெயரின் பொருள்.

இத்தனை இடத்தில் தன் பெயரை விட்டுவைத்த ப்ரோடி ஏதோ பெரிய பட்டணமாக இருக்கும் என்றுதானே தோன்றும்? இல்லை. இன்றைய உக்ரைனின் மேற்கே, லிவிவ் நகரத்திலிருந்து சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சின்ன ஊர் அது. அந்த ஊரின் கதையைத் தேடிப் படித்ததில் கிடைத்ததை இங்கே தொகுத்து வைக்கிறேன்.

கோடு வந்தது, காசு வந்தது

ப்ரோடி முதலில் போலந்து அரசில் இருந்தது. யூத வியாபாரிகளும் கைவினைஞர்களும் அப்போதே அங்கே நிறையப் பேர். 1742-இல் அவர்கள் கல்லில் ஒரு பெரிய சினகாக் கட்டினார்கள். கனத்த சுவர்கள், உயரமான ஜன்னல்கள் என்று பார்க்கக் கோட்டை மாதிரியே இருக்கும் கட்டிடம். 'கோட்டை சினகாக்' என்ற பெயரும் அதற்கு உண்டு.

1772-இல் போலந்தை அக்கம்பக்கத்து வல்லரசுகள் பங்கு போட்டன. ப்ரோடி ஆஸ்திரியாவின் கைக்குப் போனது. 1795-இல் மூன்றாவது பங்கீடும் முடிந்தபோது ரஷ்யாவின் எல்லை ஊரிலிருந்து சில மைல் தூரத்துக்கு வந்துவிட்டது. அதற்கு முன்பே, 1779-இல், ஆஸ்திரியா ப்ரோடியைச் சுங்கவரி இல்லாத வணிக நகரமாக அறிவித்திருந்தது.

இதன் அர்த்தம் என்னன்னு யோசிச்சுப் பாருங்க. கிழக்கேயிருந்து வரும் தோல், ரோமம், குதிரை மயிர் எல்லாம் வரியில்லாமல் ப்ரோடியில் இறங்கும். மேற்கே லைப்ஸிக் சந்தையிலிருந்து துணியும் நகையும் வரும். இரண்டையும் கைமாற்றி விடுபவர்கள் ப்ரோடியின் யூத வியாபாரிகள். அவர்களுக்கு இந்தப் பக்கத்து மொழியும் தெரியும், அந்தப் பக்கத்து மொழியும் தெரியும். இரண்டு பக்கமும் உறவுக்காரர்களும் உண்டு. எல்லை என்றால் மற்றவர்களுக்குத் தடை, இவர்களுக்கு அதுவே பிழைப்பு. கள்ளக்கடத்தலும் கூடவே நடந்தது. எல்லை ஊரில் அது இல்லாமலா?

வியாபாரிகள் போன இடமெல்லாம் தங்கள் ஊர் வழக்கப்படி தொழுவதற்கு ஓர் இடம் ஏற்படுத்திக்கொண்டார்கள். லைப்ஸிக்கிலும் ஒடெஸாவிலும் ப்ரோடி சினகாக் வந்தது இப்படித்தான்.

சண்டைக்குக் குறைவில்லை

காசு புழங்கிய இடத்தில் படிப்பும் புழங்கியது. ப்ரோடியில் 'க்ளோய்ஸ்' என்று ஒரு கல்விக்கூடம் இருந்தது. ஊர்ப் பணக்காரர்கள் படியளக்க, அறிஞர்கள் நாள் முழுக்க தல்மூத் படிக்கும் இடம். ப்ரோடியில் படித்து, அங்கேயே சமய நீதிபதியாக இருந்த எசெக்கியேல் லாண்டாவ் பிற்பாடு ப்ராக் நகரின் தலைமை ரப்பியானார்.

ஊர் ஆஸ்திரியாவுக்குப் போன அதே 1772-இல் ப்ரோடியின் அறிஞர்கள் ஒரு தடை போட்டார்கள். அப்போது பரவிக்கொண்டிருந்த ஹசிதிய பக்தி இயக்கத்துக்கு எதிரான தடை அது. ஆட்டமும் பாட்டுமாகத் தொழுவது படிப்புக்கு ஆகாது என்ற பயம் அவர்களுக்கு. அடுத்த தலைமுறையில் எதிர்ப்பு வேறு திசையிலிருந்து வந்தது. மதக்கல்வி மட்டும் போதாது, ஜெர்மன் மொழியும் அறிவியலும் தத்துவமும் வேண்டும் என்று சொன்ன ஹஸ்கலா சீர்திருத்தக்காரர்களுக்கும் ப்ரோடி முக்கியமான ஊர் ஆனது. அவர்களில் பெரிய தத்துவ அறிஞரான நாஹ்மன் க்ரோக்மால் 1785-இல் பிறந்தது இங்கேதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'ப்ரோடி பாடகர்கள்' என்று ஒரு கூட்டம் கிளம்பியது. சாராயக் கடைகளிலும் சத்திரங்களிலும் வேஷம் கட்டி இத்திஷ் மொழியில் பாடுவார்கள். தண்ணீர் சுமப்பவன், ஆடு மேய்ப்பவன் என்று ஒவ்வொரு பாட்டிலும் ஒரு ஏழையின் கதை. இத்திஷ் நாடகத்துக்கு முன்னோடி இவர்கள் என்பார்கள்.

கோடு நகரவில்லை, சலுகை போனது

ரயில் வந்தது, வியாபாரம் வேறு பாதைகளுக்கு மாறியது. 1879 முடிவோடு சுங்கச் சலுகையும் ரத்தானது. அப்போது ஊரில் சுமார் 20,000 பேர். அதில் 15,000 பேர் யூதர்கள். நான்கில் மூன்று பங்கு!

வருமானம் படுத்த அதே சமயத்தில்தான் அகதிகள் வந்தார்கள். 1881-இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டார். பழியை யூதர்கள் மேல் போட்டு ஊர் ஊராகக் கலவரம் நடந்தது. தப்பியவர்கள் எல்லை தாண்டினால் முதலில் வரும் ஊர் ப்ரோடி. 1882 கோடையில் 10,000 பேருக்கும் மேல் அங்கே குவிந்திருந்தார்கள். கிடைத்த இடத்திலெல்லாம் ஜனம். பாரிஸிலிருந்து யூத உதவிச் சங்கத்தின் சார்பில் சார்ல்ஸ் நெட்டர் வந்து அமெரிக்காவுக்கு ஆள் அனுப்ப ஏற்பாடு செய்தார். கொஞ்சம் பேர் கப்பலேறினார்கள். நிறையப் பேரை வந்த வழியே ரஷ்யாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஒரு நூறு வருஷம் சரக்கைக் கடத்திவிட்ட ஊர் இப்போது மனிதர்களைக் கடத்திவிட வேண்டியிருந்தது. சரக்கு மாதிரி அது சுலபமாக இல்லை.

1894-இல் இந்த நொடித்துப்போன ப்ரோடியில் ஜோசப் ரோத் பிறந்தார். தகப்பன் முகமே பார்க்காத பிள்ளை. ஜெர்மன் வழிப் பள்ளியில் படித்து, ஊரைவிட்டுப் போய், பெரிய நாவலாசிரியர் ஆனார். அவருடைய 'ராடெட்ஸ்கி மார்ச்' நாவலில் பேரரசின் ஓரத்தில் சதுப்பு நிலத்துக்கு நடுவே ஓர் எல்லை ஊர் வரும். அதன் சாயல் ப்ரோடியுடையது.

முடிவு

முதல் உலகப்போருக்குப் பின் ஊர் மறுபடி போலந்தானது. இரண்டாம் உலகப்போருக்கு முன் சுமார் 9,000 யூதர்கள் இருந்தார்கள். 1941 ஜூலையில் ஜெர்மன் படை வந்தது. முதல் சில வாரங்களிலேயே ஆசிரியர், மருத்துவர், வக்கீல் என்று படித்தவர்களைப் பொறுக்கி எடுத்துச் சுட்டார்கள். 1942 செப்டம்பரிலும் நவம்பரிலும் ஆயிரக்கணக்கானவர்களை ரயிலில் ஏற்றி பெல்செக் கொலை முகாமுக்கு அனுப்பினார்கள். மிஞ்சியவர்களை ஒரு சேரியில் அடைத்து, 1943 மே மாதத்தில் அதையும் காலி செய்தார்கள். உயிர் பிழைத்தவர்கள் சொற்பம்.

1742-இல் கட்டிய அந்தப் பெரிய சினகாக் இன்று கூரையிழந்த இடிபாடு. போருக்குப் பின் கொஞ்ச காலம் கிடங்காக இருந்தது. பிறகு அதுவும் இல்லை. ஊருக்கு வெளியே யூதக் கல்லறை இருக்கிறது. ஆளுயரக் கற்கள் ஆயிரக்கணக்கில், எபிரேய எழுத்தோடு, வரிசை வரிசையாக.

ஆனால் லைப்ஸிக்கின் ப்ரோடி சினகாக் தப்பிவிட்டது. 1938 நவம்பரில் நாஜிகள் சினகாக்குகளைக் கொளுத்திய இரவில் அதன் உள்ளே எல்லாவற்றையும் அடித்து நொறுக்கினார்கள். நெருப்பு மட்டும் வைக்கவில்லை. காரணம், அது ஒரு குடியிருப்புக் கட்டிடத்துக்குள் இருந்தது. மேல்மாடிகளில் யூதரல்லாதவர்கள் குடியிருந்தார்கள். இன்றும் அந்த நகரத்து யூதர்கள் அங்கேதான் கூடுகிறார்கள்.

கொலைகாரர்கள் ஜெர்மனியிலிருந்து ப்ரோடிக்கு வந்தார்கள். ப்ரோடியின் பெயரில் இன்றும் தொழுகை நடக்கும் இடமோ ஜெர்மனியில் இருக்கிறது. இதில் ஆறுதல் இருக்கிறதா என்று கேட்டால், என்னால் சட்டென்று ஆமாம் என்று சொல்ல முடியவில்லை.