கரையோர நீர்வழி – 9: கயிறு கை மாறும் முன்

நார்ஃபோக்கிலிருந்து மயாமி வரை, அமெரிக்கக் கிழக்குக் கரையை ஒட்டி ஏறத்தாழ 1,750 கிலோமீட்டர் ஓடும் இந்த உள்நீர்வழியின் பெரும்பகுதிக்கு 12 அடி ஆழம் என்பது காகிதக் கணக்கு. சவானாவுக்குத் தெற்கே ஹெல் கேட் என்ற குறுகிய வாயில் தூர்ந்துகொண்டே இருக்கும். நீருக்குள் ஐந்தரை அடி இறங்கும் கீல் (அடித்தண்டு) உள்ள பாய்மரப் படகு வற்றத்தில் அங்கே தரைதட்டினால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. குளிருக்கு முன் ஃப்ளோரிடாவுக்கு இறங்கும் படகுகள் பின்னாலேயே வரும். அவற்றில் ஒன்றிலிருந்து ஒருவர் "கயிறு தரட்டுமா?" என்று கேட்பார்.

பதில் சொல்லும் முன் ஓதம் ஏறுகிறதா வற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். ஏறுகிறது என்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடலாம். சிறு தோணியில் நங்கூரத்தை ஆழமான பக்கம் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் போதும். ஜார்ஜியாவில் நீர் 2 மீட்டருக்கு மேல் ஏறும், அதுவே தூக்கிவிடும். வற்றுகிறது என்றால் உடனே உதவி வேண்டும். தாமதித்தால் படகு பக்கவாட்டில் படுத்துவிடும்.

உதவ வருபவருக்கு ஆர்வம் அதிகம். முகப்பில் கட்டி முழு வேகத்தில் இழுக்கப் பார்ப்பார். கீல் இன்னும் சேற்றில் புதையும், கயிறு கட்டும் க்ளீட் பெயர்ந்து வரும், இழுபட்ட நைலான் கயிறு அறுந்தால் அடிக்கும் அடியில் ஆளே போகலாம். பாய்மர உச்சியிலிருந்து வரும் ஸ்பின்னக்கர் பாயை ஏற்றும் கயிற்றோடு நீளக் கயிறு ஒன்றை முடிந்து கொடுத்து, "பக்கவாட்டில், மெதுவாக" என்று சொல்ல வேண்டும். ஸ்பின்னக்கர் கயிறு ஓடும் கப்பி எந்தப் பக்கமும் திரும்பும். மற்றக் கயிறுகள் தடம் விட்டு நழுவும். உயர்ந்த மரம் நெம்புகோல் ஆகிவிடுவதால் சின்ன மோட்டார் படகே போதும். 30 டிகிரி சாய்ந்தால் ஐந்தரை அடியில் அரை அடிக்கு மேல் மிச்சம். ஆனால் கீலின் அடியில் இறக்கை வைத்த படகைச் சாய்த்தால் ஆழம் கூடத்தான் செய்யும். நீருக்குள் இருப்பது உதவ வந்தவருக்கு எப்படித் தெரியும்? அதனால் இழுப்பது அவராக இருந்தாலும், சொல்வது நீங்களாக இருக்க வேண்டும்.

இனி காசு விஷயம். உயிருக்கு ஆபத்து இல்லையென்றால் அமெரிக்கக் கடலோரக் காவல்படை பெரும்பாலும் தானே வந்து இழுக்காது. உதவக்கூடியவர்கள் கேட்கும்படி வானொலியில் அறிவிக்கும். அதைக் கேட்டுத் தனியார் இழுவைப் படகும் வரலாம். உங்கள் கயிற்றைக் கொடுத்தால் மீட்புக் கூலி கேட்க முடியாது என்று துறைக்குத் துறை சொல்வார்கள். சட்டம் கயிற்றைப் பார்ப்பதில்லை. படகு ஆபத்தில் இருந்ததா, கடமை ஏதும் இல்லாதவர் தானாக முன்வந்தாரா, பலன் கிடைத்ததா என்றுதான் பார்க்கும். 1989 சர்வதேச மீட்பு ஒப்பந்தப்படி காப்பாற்றப்பட்ட மனிதர் கூலி தர வேண்டியதில்லை. காப்பாற்றப்பட்ட படகுக்கு உண்டு. பலன் இல்லையேல் பொதுவாகக் கூலியும் இல்லை. ஆனால் படகு மீண்டால் தொகை மணிக்கணக்கில் அல்ல, படகின் மதிப்பையும் ஆபத்தின் அளவையும் வைத்து முடிவாகும். சக படகோட்டி பெரும்பாலும் கையசைத்துவிட்டுப் போய்விடுவார். தொழிலாக வருபவரிடம், கயிறு கை மாறும் முன்னே, "இது இழுவையா, மீட்பா? எவ்வளவு?" என்று கேட்டுவிடுங்கள். இழுவை நிறுவனத்துக்கு ஆண்டுச் சந்தா கட்டியிருந்தாலும் கேளுங்கள். அது இழுவைக்கு உதவும், மீட்பு என்று எழுதிவிட்டால் கணக்கு காப்பீட்டுக்காரரிடம் போகும்.