ஆறு கட்டங்களில் ஓர் ஊர்

"புதூர், தமிழ்நாடு" என்று மட்டும் முகவரி எழுதப்பட்ட கடிதமொன்று தபால் பெட்டியில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது எந்தப் புதூருக்குச் செல்லும்? நம் மாநிலத்தில் புதூர்களும் நல்லூர்களும் புதுப்பட்டிகளும் எத்தனையோ உள. கடிதத்தினுள் இருப்பது வேலைக்கான நேர்முக அழைப்பாயின், அது ஊர் ஊராய் அலைந்து உரியவர் கைக்கு வருமுன் குறித்த நாள் கடந்துவிடும். ஓர் இளைஞனின் எதிர்காலம் ஓர் ஊர்ப்பெயரின் குழப்பத்தில் சிக்கிக்கொள்ளும்.

இக்குழப்பத்தைத் தீர்க்கவே பின்கோடு எனப்படும் அஞ்சல் குறியீட்டு எண் பிறந்தது. நாட்டின் விடுதலை வெள்ளி விழா நாளான 1972 ஆகஸ்டு 15 அன்று அது நடைமுறைக்கு வந்தது. இதனை வகுத்தவர், மத்திய தகவல் தொடர்பு அமைச்சகத்தின் உயர் அதிகாரியும் வடமொழிக் கவிஞருமான ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். பல மொழிகள் வழங்கும் நம் நாட்டில், தமிழில் எழுதிய முகவரியை வடநாட்டு அஞ்சல் ஊழியர் வாசிக்க இயலாது. எண்களோ எல்லோர்க்கும் பொது.

ஆறு இலக்கங்களும் இடமிருந்து வலமாக, பரந்த நிலத்திலிருந்து சிற்றூரை நோக்கி நம்மை அழைத்துச் செல்கின்றன. முதல் எண் மண்டலத்தைக் குறிக்கும். 1 என்றால் தில்லி, பஞ்சாப் முதலிய வடபகுதி. 4 என்றால் மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம் முதலியன. 6 என்றால் தமிழகம், கேரளம், புதுச்சேரி, இலட்சத்தீவு. 9 இராணுவ அஞ்சலுக்கு உரியது. முதலிரு எண்கள் மண்டலத்தின் உட்பகுதியைக் காட்டும். 60 முதல் 64 வரை தொடங்குபவை பெரும்பாலும் தமிழகத்தவை. 67, 68, 69 கேரளத்தவை. மூன்றாம் எண்ணும் சேர்ந்தால், கடிதங்களைப் பிரித்தனுப்பும் அஞ்சல் மாவட்டம் தெரியும். எஞ்சிய மூன்றும் கடிதத்தை வழங்கும் அஞ்சலகத்தைச் சுட்டும்.

வேளாங்கண்ணியின் எண் 611111. இதில் 6 தென்மண்டலம். 611 நாகப்பட்டினத்தைச் சார்ந்த அஞ்சல் பகுதி. இறுதி 111 வேளாங்கண்ணி அஞ்சலகம். நாகப்பட்டினம் தலைமை அஞ்சலகமோ 611001.

ஆயினும் ஒன்றை மறவாதீர்கள். ஓர் எண் ஒரே ஊருக்கு மட்டும் உரியதன்று. கிளை அஞ்சலகங்களைக் கொண்ட சிற்றூர்கள் பல ஒரே எண்ணைப் பகிர்ந்துகொள்வதுண்டு. எனவே எண்ணை எழுதிவிட்டோம் என்று ஊர்ப்பெயரையோ, தெருவையோ, கதவு எண்ணையோ விட்டுவிடலாகாது. எண் கடிதத்தை அஞ்சலகம் வரை கொண்டுசேர்க்கும். அங்கிருந்து வீட்டு வாசலுக்கு வழிகாட்டுவது முகவரியே.

நான்கு மீட்டர் சதுர இடத்தையும் தனித்துச் சுட்டும் டிஜிபின் என்னும் புதிய முறையை அஞ்சல் துறை 2025இல் அறிமுகம் செய்தது. எனினும், ஆறு இலக்க எண் இன்றும் வழக்கில் உள்ளது. கடிதம் குறைந்துவிட்ட இந்நாளிலும் வங்கிக் கணக்கு, தேர்வு விண்ணப்பம், வீடு தேடி வரும் பொட்டலம் என எங்கும் அது கேட்கப்படுகிறது.

ஆகவே பெற்றோரே, உங்கள் பிள்ளைகளிடம் இன்றே நம் ஊரின் பின்கோடு எது என்று கேட்டுப் பாருங்கள். தெரியவில்லையெனில் முழு முகவரியையும் அவர்கள் கையாலேயே ஒருமுறை எழுதச் செய்யுங்கள். அவர்களுக்கு வரவேண்டிய நல்ல செய்தி வழி தவறாமல் வந்து சேரட்டும்.