இராமேசுவரத் தீவு

தமிழகத்தின் தென்கிழக்குக் கரையில், இராமநாதபுரம் மாவட்டத்தின் கடைக்கோடியில், நாற்புறமும் கடல் சூழ அமைந்துள்ளது இராமேசுவரத் தீவு. இதனைப் பெருநிலத்தினின்றும் பிரிப்பது பாம்பன் கால்வாய் ஆகும். தீவின் வடபால் உள்ளது பாக் கடல்; தென்பால் உள்ளது மன்னார் வளைகுடா. வடகடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். தென்கடல் அலை மிகுந்து ஆர்ப்பரிக்கும். ஆதலின், முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் அங்குள்ளோர் வழங்குவர்.

இத்தீவு மணலும் பவளப்பாறையும் சேர்ந்து உருவானது. மலை எனத்தக்கது இதில் ஒன்றும் இல்லை. கோயிலுக்கு அப்பால் உள்ள சிறு மேடொன்றையே கந்தமாதன பருவதம் எனப் பெயரிட்டுப் போற்றுகின்றனர். அதன் உச்சியிலுள்ள மண்டபத்தில் நின்று நோக்குவோர், பனைமரக் கூட்டத்தையும் உயர்ந்த கோபுரங்களையும் நீலக் கடலையும் ஒருங்கே கண்டு களிப்பர்.

கருங்கல் பிறவாத இம்மணல் தீவில் மாபெருங் கற்கோயில் ஒன்று எழுந்திருத்தல் வியப்பன்றோ! பாலம் இல்லாத அக்காலத்தில் கற்களையெல்லாம் கடல் கடந்தே கொணர்ந்தனர். 18-ஆம் நூற்றாண்டில் சேதுபதி மன்னர்கள் நிறைவேற்றிய மூன்றாம் பிராகாரம், 1212 தூண்களுடன் உலகோர் புகழ விளங்குகின்றது. கோயிலினுள் 22 தீர்த்தங்கள் உள்ளன. காசிக்குச் செல்வோர் சேதுவின் மணலைக் கொண்டுசென்று கங்கையில் இடுவதும், கங்கை நீரைக் கொணர்ந்து இராமநாதரை நீராட்டுவதும் தொன்றுதொட்டு வரும் வழக்கம். இவ்வாறு வடக்கும் தெற்கும் இங்கே உறவு கொண்டாடுகின்றன. கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் இத்தீவில் அடுத்தடுத்து விளங்குகின்றன. படகு ஓட்டும் குடும்பத்தில் 1931-இல் இங்குப் பிறந்த அப்துல் கலாம், நாட்டின் குடியரசுத் தலைவராய் உயர்ந்தார்.

1914-ஆம் ஆண்டு பாம்பனில் இருப்புப்பாதைப் பாலம் திறக்கப்பட்டது. அதன் பயனாய்த் தீவின் கீழ்க்கோடியிலுள்ள தனுக்கோடி சிறந்த துறைமுகமாயிற்று. சென்னையினின்று புகைவண்டியில் வந்தோர், அங்குக் கப்பலேறி இலங்கைத் தலைமன்னாரை அடைந்தனர். நிலையம், அஞ்சல் நிலையம், தேவாலயம், கடைகள் என யாவும் அமைந்து அவ்வூர் பொலிவுற்றது. ஆனால், 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு வீசிய பெரும்புயலில் கடல் பொங்கி ஊருக்குள் புகுந்தது. தனுக்கோடியை நெருங்கிய புகைவண்டி, பயணிகளோடு அலைகளால் விழுங்கப்பட்டது. ஓர் இரவில் ஊர் அழிந்தது. இடிந்த சுவர்களே இன்றும் அதன் வரலாற்றை எடுத்துரைக்கின்றன. எனினும் மீனவர் சிலர் அம்மணலைவிட்டு நீங்கவில்லை. மணலில் ஊற்றுத் தோண்டி நன்னீர் எடுத்து வாழ்கின்றனர்.

1988-இல் சாலைப் பாலமும், 2025-இல் கப்பல் செல்ல மேலெழும் புதிய இருப்புப்பாதைப் பாலமும் திறக்கப்பட்டன. இன்று அரிச்சல்முனை வரை சாலை செல்கின்றது. பனிக்காலத்தில் பூநாரைகள் இங்கு வந்து தங்கும். அக்காட்சிகளைக் காணப் பயணிகள் திரள்கின்றனர்.

மலையில்லாத இந்நிலத்துக்கு அரணாவது எது? கடலடியில் வளர்ந்துள்ள பவளப்பாறைகளேயாம். கரையை நோக்கி வரும் அலைகளின் வேகத்தை அவை தணிக்கின்றன. மீன்களுக்கு உறைவிடமும் ஆகின்றன. சுண்ணாம்பிற்காக அவற்றை மக்கள் வெட்டியெடுத்தமையால், மன்னார் வளைகுடாவின் தீவுகளுள் இரண்டு நீரில் மூழ்கின. அவ்வளைகுடாவின் தீவுகளும் சூழ்ந்த கடலும் 1986-இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பவளம் எடுத்தல் இன்று சட்டப்படி குற்றமாகும்.

புயலை நிறுத்த மாந்தரால் இயலாது. ஆயின், இயற்கை அளித்த அரணைக் காத்தல் இயலும். எனவே, அக்கினி தீர்த்தத்தில் நீராடுவோர் பழந்துணியை அங்கே விடாதிருத்தலும், அரிச்சல்முனை காண்போர் நெகிழிப் பொருள்களை எறியாதிருத்தலும், பவளத்தை விலைக்கு வாங்காதிருத்தலும் வேண்டும். கண்டு மகிழ்ந்த இடத்தைக் கெடாமல் விட்டுவருதலே சிறந்த யாத்திரையாகும்.