செங்கல்பட்டு எம்.பி. எங்கே இருந்தார்?

போன வாரம் 1975 ஜூன் 25 இரவோடு நிறுத்தியிருந்தேன். பிரதமர் இந்திரா காந்தியின் கடிதம் ராஷ்டிரபதி பவனுக்குப் போனது. குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். அமைச்சர்களைக் கூப்பிட்டுச் சொன்னது மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான். இந்த வாரம் நாடாளுமன்றம் என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். அதற்குச் செங்கல்பட்டு வழியாகப் போகலாம்.

இன்று செங்கல்பட்டு என்ற பெயரில் மக்களவைத் தொகுதி கிடையாது. 2008 தொகுதிச் சீரமைப்பில் அது காஞ்சிபுரத்துக்குள் போய்விட்டது. அந்தத் தொகுதியில் 1967லும் 1971லும் ஜெயித்து டெல்லிக்குப் போனவர் தி.மு.க.வின் சி.சிட்டிபாபு. சென்னை மேயராகவும் இருந்தவர். தடுப்புக் காவல் சட்டமான மிசாவின் காலத்தில் சென்னை மத்தியச் சிறையில் மு.க.ஸ்டாலின் மேல் விழ வேண்டிய அடிகளைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டவர் என்றுதான் தமிழ்நாடு இவரை நினைவில் வைத்திருக்கிறது. அந்த நினைவு நியாயமானது. ஆனால் மேடைகளில் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. அடி வாங்கியபோது அவர் பதவியில் இருந்த எம்.பி. நெருக்கடி நிலை வேண்டுமா, வேண்டாமா என்று கேட்கும் பொறுப்பை அரசமைப்புச் சட்டம் எந்த அவையிடம் கொடுத்திருந்ததோ, அந்த அவையின் உறுப்பினர்.

அந்தப் பொறுப்பு அன்றைக்கு எவ்வளவு மெலிந்திருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 352வது பிரிவின்படி குடியரசுத் தலைவர் பிரகடனம் செய்தால், இரண்டு மாதத்துக்குள் இரு அவைகளும் ஒப்புதல் தரவேண்டும். சாதாரணப் பெரும்பான்மை போதும். ஒரு தடவை ஒப்புதல் கிடைத்துவிட்டால் அரசாங்கம் மறுபடி அவைகளிடம் வரவேண்டிய கட்டாயமே இல்லை. சீனப் போருக்காக 1962 அக்டோபரில் வந்த நெருக்கடி நிலை, போர் ஒரு மாதத்தில் முடிந்த பிறகும் 1968 ஜனவரி வரை ஓடியது இப்படித்தான்.

அந்த நீண்ட காலத்தில் நம் ஊர் எம்.பி.க்கள் இருவர் உள்ளே போனார்கள். திருச்சியின் கே.அனந்த நம்பியாரும் புதுக்கோட்டையின் ஆர்.உமாநாத்தும், இருவருமே கம்யூனிஸ்டுகள், இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் அடைக்கப்பட்டார்கள். அவைக்குப் போய் வேலை செய்யும் உரிமை எங்களுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். தடுப்புக் காவல் என்று வரும்போது எம்.பி.க்கும் மற்றக் குடிமகனுக்கும் வித்தியாசம் இல்லை என்றது நீதிமன்றம். சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்ற அளவில் சரியாகத் தோன்றும் தீர்ப்பு. ஆனால் கண்காணிக்க வேண்டியவரைக் கண்காணிக்கப்படுகிறவரே பிடித்து உள்ளே வைக்கலாம் என்ற நிலை அதோடு உறுதியாகிவிட்டது. பத்து வருடம் கழித்து நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த வழக்கைப் படித்தே ஆகவேண்டும்.

1975 ஜூலை 21ல் நாடாளுமன்றம் கூடியது. கேள்வி நேரம் கிடையாது. கவன ஈர்ப்புத் தீர்மானம், தனிநபர் மசோதா எதுவும் கிடையாது. அரசாங்கம் கொண்டுவருவதை மட்டும் எடுத்துக்கொள்வது என்று முடிவானது. எதிர்க்கட்சி எம்.பி.க்கள் பலர் ஏற்கெனவே சிறையில். மாநிலங்களவையில் 136க்கு 33, மக்களவையில் 336க்கு 59 என்று ஒப்புதல் நிறைவேறியது. பின்னாலேயே 38வது திருத்தம் வந்தது: குடியரசுத் தலைவர் திருப்தியடைந்தால் அதுவே முடிவு, எந்த நீதிமன்றமும் கேட்கக்கூடாது. மிசா சட்டத்திலும் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். கைதானவரிடம் காரணத்தைக்கூடச் சொல்ல வேண்டாம் என்றானது.

தமிழ்நாட்டில் அப்போது தி.மு.க. ஆட்சி. அதனால் ஏழு மாதம் இங்கே காற்று கொஞ்சம் வேறாக இருந்தது. 1976 ஜனவரி 31ல் கருணாநிதி அரசு கலைக்கப்பட்டது. உடனே மிசா கைதுகள். பிப்ரவரி தொடக்கத்தில் சென்னை மத்தியச் சிறையில் நடந்த அடிதடியைப் பின்னாளில் நீதிபதி எம்.எம்.இஸ்மாயில் கமிஷன் விசாரித்தது. தி.மு.க.வினர், திராவிடர் கழகத்தினர், மார்க்சிஸ்டுகள் என்று எல்லோருக்கும் அடி.

அதே பிப்ரவரியில் டெல்லியில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1971ல் தேர்ந்தெடுக்கப்பட்ட மக்களவையின் ஐந்தாண்டு மார்ச்சில் முடிய வேண்டும். நெருக்கடி நிலை இருந்தால் அவை தன் ஆயுளை ஒவ்வொரு வருடமாக நீட்டித்துக்கொள்ளலாம் என்று 83வது பிரிவு சொல்கிறது. அவை நீட்டித்துக்கொண்டது. நவம்பரில் இன்னொரு முறையும் நீட்டித்துக்கொண்டது. நெருக்கடி நிலை நீடித்தால் உறுப்பினர்களின் பதவியும் நீடிக்கும் என்றால், அதை முடித்துவைக்க அவர்களில் எத்தனை பேருக்கு மனம் வரும்? சிறையில் இருந்த மது லிமாயியும் சரத் யாதவும் மட்டும், மக்கள் எங்களை ஐந்து வருடத்துக்குத்தான் அனுப்பினார்கள் என்று ராஜினாமா செய்தார்கள். இந்த இரண்டு ராஜினாமாக் கடிதங்களுக்கும் நம் பாடப்புத்தகங்களில் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்க வேண்டும்.

அவையில் யாராவது துணிந்து பேசியிருந்தாலும் செங்கல்பட்டில் பேப்பர் படிக்கிறவருக்கு அது போய்ச் சேர்ந்திருக்காது. நாடாளுமன்றத்தில் பேசியதை உள்ளபடி அச்சிடும் பத்திரிகையைப் பாதுகாக்க, பெரோஸ் காந்தி எம்.பி.யாக இருந்து 1956ல் கொண்டுவந்த சட்டம் இருந்தது. அவருடைய மனைவி தலைமையிலான அரசே அதை ரத்து செய்தது.

சிட்டிபாபு உடல்நலம் குன்றி 1977 ஜனவரியில் காலமானார். தேர்தல் வரும் என்று இந்திரா காந்தி வானொலியில் அறிவித்ததும் அதே ஜனவரியில்தான்.

பிறகு வந்த ஜனதா அரசு, சாந்தி பூஷன் சட்ட அமைச்சராக இருந்தபோது, 44வது திருத்தத்தைக் கொண்டுவந்தது. இந்தத் தொடரில் நான் மனமாரப் பாராட்டப்போகும் சில சட்டங்களில் அது ஒன்று. ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்ற காரணம் போய் ‘ஆயுதக் கிளர்ச்சி’ வந்தது. அமைச்சரவை எழுத்தில் தராமல் குடியரசுத் தலைவர் கையெழுத்திட முடியாது. ஒப்புதலுக்கு ஒரு மாதமே கெடு. வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும் ஆதரிக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மறுபடி ஓட்டு. உயிர் வாழும் உரிமையைத் தரும் 21வது பிரிவை எந்த நெருக்கடியிலும் முடக்க முடியாது. மக்களவையில் பத்தில் ஒரு பங்கினர், இன்றைய கணக்கில் 55 பேர், எழுதிக் கொடுத்தால் 14 நாளுக்குள் சிறப்புக் கூட்டம் கூட்டி, நெருக்கடி நிலை தொடரலாமா என்று வாக்கெடுக்க வேண்டும்.

நெருக்கடி நிலைக்கு இவ்வளவு கட்டுப்பாடு. போருக்கு? முப்படைகளின் தலைமை குடியரசுத் தலைவரிடம் இருக்கும், அதைச் சட்டம் ஒழுங்குபடுத்தும் என்று 53வது பிரிவு சொல்கிறது. ஆனால் படையை அனுப்பும்முன் அவையின் ஒப்புதல் வேண்டும் என்று ஒரு சட்டமும் நம்மிடம் இல்லை. அமெரிக்காவில் வியட்நாம் போரால் சலித்துப்போன காங்கிரஸ், 1973ல் நிக்சனின் வீட்டோவையும் மீறி ஒரு சட்டம் செய்தது. அதிபர் படை அனுப்பினால் 48 மணி நேரத்தில் தகவல் தரவேண்டும், அனுமதி கிடைக்காவிட்டால் 60 நாளில் சண்டையை நிறுத்த வேண்டும். அதிபர்கள் அதைச் சுற்றி நடக்கப் பழகிவிட்டார்கள் என்பது வேறு விஷயம். கேட்பதற்கு ஒரு சட்டமாவது இருக்கிறது. நமக்கு 1987 ஜூலையில் இலங்கைக்கு அமைதிப்படை போனபோது அதுவும் இல்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட நம் வீரர்கள் அங்கே இறந்தார்கள். எத்தனை ஈழத் தமிழர்கள் இறந்தார்கள் என்பதற்கு நம் அவைகள் இன்றுவரை கணக்குக் கேட்கவில்லை.

சட்டம் இல்லாத இடத்தில் எல்லாம் பிரதமரின் மனத்தைப் பொறுத்தது. 1962ல் சண்டை நடந்துகொண்டிருந்தபோதே நேரு கூட்டத்தொடரை முன்கூட்டி நவம்பர் 8ல் கூட்டினார். ரகசியமாகக் கூடலாம் என்ற யோசனையை மறுத்து, நாடு கேட்கப் பேசவிட்டார். 2019 அக்டோபரில் மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு, ஐந்து ரதம், கடற்கரைக் கோயில் என்று மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் சேர்ந்து நடந்தார்கள். அடுத்த ஜூனில் சீன எல்லையில் கல்வானில் 20 இந்திய வீரர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். அந்தச் செப்டம்பர் கூட்டத்தொடரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தை எடுத்துவிட்டார்கள். பாதுகாப்பு அமைச்சர் மக்களவையில் அறிக்கை வாசித்தார். விவாதம் இல்லை. இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளத் தயாரில்லை.

மறுபடி மிசாவுக்கு வருகிறேன். 44வது திருத்தத்தின் 3வது பிரிவு தடுப்புக் காவலைப் பற்றியது. விசாரணையில்லாமல் ஒருவரை வைத்திருக்கக்கூடிய காலத்தை, ஆலோசனைக் குழு பார்க்கும்முன், மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைத்தது. உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படிதான் அந்தக் குழுவை அமைக்க வேண்டும் என்றது. இரு அவைகளும் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் ஒப்புதலும் தந்துவிட்டார். ஆனால் எந்தத் தேதியிலிருந்து அமல் என்று அரசிதழில் அறிவிக்கும் வேலையை மத்திய அரசிடமே விட்டார்கள். மற்றப் பிரிவுகள் 1979ல் அமலுக்கு வந்தன. இதற்கு மட்டும் எந்த அரசும், ஜனதாவும் காங்கிரஸும் பா.ஜ.க.வும், தேதி குறிக்கவில்லை. ஏ.கே.ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், தேதி குறிக்கும்படி அரசுக்கு நாங்கள் ஆணையிட முடியாது என்று சொல்லிவிட்டது. தமிழ்நாட்டிலிருந்து 39 எம்.பி.க்கள் மக்களவைக்குப் போகிறார்கள். மிசா கைதிகளின் பெயரைச் சொல்லி ஓட்டுக் கேட்டவர்களும் அதில் உண்டு. காஞ்சிபுரம் உறுப்பினரில் தொடங்கி அவர்கள் இந்தத் தேதியைக் கேட்டு ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் எழுந்து நிற்க வேண்டும்.

அடுத்த வாரம்: நெருக்கடி நிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷனின் அறிக்கை எப்படிக் காணாமல் போனது, 2010ல் இரா.செழியன் அதை எப்படி மீண்டும் அச்சில் கொண்டுவந்தார்.